குமிழிப் போர்வை

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியுமாவா? சென் மொரீஸ் ஆத்தை இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு நீந்தியிருக்கேன். திரும்பியும் வந்திருக்கேன்."

"நடுவுல எங்கயும் நிக்காமலா?"

"நடுவுல நிக்க அங்க என்ன பஸ் ஸ்டாப்பா இருக்கு?"

அவள் சிரித்தாள். சென் ழான் திருநாளின் சொக்கப்பனை வெளிச்சம் அவள் கன்னத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"நானும் நல்லாவே நீந்துவேன்" என்றாள் சாதாரணமாக. "எங்க மாமா வீடு ஏரிக்கரையிலதான். ஜூன்ல இறங்கினா செப்டம்பர்லதான் கரையேறுவேன்."

முப்பது வருடத்துக்கும் முந்தைய பேச்சு அது. ஆனாலும் அர்மானுக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக அவர் அட்லாண்டிக் கடலையே நீந்திக் கடந்ததாகச் சொல்லியிருப்பார். ஏதோ அடக்கத்தால் ஆற்றோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஆற்றை அவர் கடந்தது என்னவோ உண்மைதான். பாலத்தின் மேல், சைக்கிளில்.

தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்தால் அவருக்கு மூச்சு முட்டும். முகம் கழுவும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்ளும் ஆள். ஒடில் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆற்றை நீந்திக் கடந்தவனைத்தான் கட்டிக்கொண்டாள் என்பது அவருடைய தீராத கவலை.

போதாக்குறைக்கு, அவர்கள் வாங்கிய வீட்டின் பின்னால் ஒரு நீச்சல் குளம் இருந்தது. வீடு பிடித்திருந்தது, சில கல்யாணங்களில் மாமியார் கூடவே வருவதுபோலக் குளமும் கூடவே வந்தது. ஒரு பக்கம் முழங்காலளவு. மறுபக்கம் எட்டடி ஆழம்.

நல்ல வேளையாகத் த்ருவா ரிவியேர் என்ற அந்தக் குளிர்நாட்டு ஊரில் கோடை என்பது வந்த விருந்தாளி காப்பி குடித்துவிட்டுப் போகும் நேரம்தான். பக்கத்து மேப்பிள் மரத்தின் நிழல் வேறு குளத்தைப் பாதி நாள் மூடியிருக்கும். ஒவ்வொரு ஜூலையும் அர்மான் படிக்கட்டில் இறங்கி, முழங்கால் வரை நனைத்து, "ஐயோ, ஐஸ்" என்பார். ஒடிலும் கட்டை விரலை விட்டுப் பார்த்து, "ஆமா, ஐஸ்" என்பாள். இருவரும் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பியர் குடிப்பார்கள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் ஒரு தடவைகூடச் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம், தண்ணீர் குளிர் என்பது ஒன்றுதான்.

அந்த ஒற்றுமைக்குத்தான் இந்த வருடம் வேட்டு விழுந்தது.

ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மகள் கரீனும் மருமகன் பெனுவாவும் காரின் மேல் ஒரு பெரிய நீலச் சுருளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

"முப்பதாவது கல்யாண நாளுக்கு எங்க பரிசு" என்றாள் கரீன். "ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தா கோடையே போயிடும். அதான் இப்பவே கொண்டு வந்துட்டோம்."

"என்னம்மா இது?"

"சோலார் போர்வைப்பா! குளத்து மேல போட்டா வெயிலை உள்ள இழுத்து, சூட்டை வெளிய விடாம வெச்சுக்கும். இனிமே உங்க ரெண்டு பேருக்கும் தண்ணி குளிருதுங்கிற கஷ்டமே கிடையாது!"

அர்மான் புன்னகைத்தார். பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தவரின் புன்னகை அது.

பெனுவா ஹாட் டாக்கைக் கடித்துக்கொண்டே சுருளைப் புல்தரையில் விரித்தான். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள்.

"குமிழி தண்ணியைத் தொடணும் மாமா. அதுதான் விஷயமே" என்று அர்மானிடம் சொல்லிவிட்டு மறு கடி கடித்தான்.

சமையலறையிலிருந்து கடுகுச் சாந்து எடுத்துவந்த ஒடில், "குமிழி வானத்தைப் பாக்கணும், அப்படித்தானே?" என்று கேட்டாள்.

வாய் நிறைய ரொட்டியோடு இருந்த பெனுவா, மாமியார் எதைச் சொன்னாலும் ஆட்டும் வழக்கப்படி தலையை ஆட்டினான்.

"ஆமா, இதைப் போட்டா தண்ணிக்குக் குடை பிடிச்ச மாதிரி நிழல்தானே விழும்? எப்படிச் சூடாகும்?" என்று ஒடில் மறுபடி கேட்டாள்.

"அம்மா, நீ நீந்தினா போதும், விஞ்ஞானத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றாள் கரீன். "கேளுங்க, கல்யாண நாளன்னிக்கு எல்லாரையும் கூப்பிடுவோம். சோளம் வேக வெப்போம். தண்ணி இருபத்தெட்டு டிகிரி ஆயிட்டா, நீங்க ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு ஆழமான பக்கத்துல குதிச்சு, நீந்தி இந்தக் கோடிக்கு வரணும். ஆறு, ஏரின்னு உங்க காதல் கதையைக் கேட்டுக் கேட்டே வளந்தவ நான். ஒரு தடவைகூடக் கண்ணால பாத்ததில்ல."

"ஆஹா" என்றார் அர்மான்.

"ஆஹா" என்றாள் ஒடில்.

பெனுவா குளத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்தை மிதக்கவிட்டான். அதன் வயிற்றில் வெப்பமானி. பத்தொன்பது டிகிரி காட்டியது. வாத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அர்மானுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஹார்டுவேர் கடை வேலைக்குக் கிளம்பும் முன் அவர் நைசாகப் பின்பக்கம் போனார். ஒடில் இன்னும் எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துச் சுருட்டி வேலியோரம் போட்டார். போர்வை இல்லாவிட்டால் சூடு ஏது? விசில் அடித்துக்கொண்டே போய்ப் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே நிம்மதியாக நாளைக் கழித்தார்.

மாலை வந்து பார்த்தால் போர்வை குளத்தின் மேல் ஒரு சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தது.

"நீதான் போட்டியா?"

"பின்ன? காலையில பாத்தா வேலியோரம் கிடந்துது. காத்து அடிச்சுதோ என்னமோ" என்றாள் ஒடில், அவர் முகத்தைப் பார்க்காமல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே.

எவ்வளவு ஆசை அவளுக்கு என்று அர்மானுக்கு நெஞ்சு கனத்தது. தனியாக அந்தப் பெரிய போர்வையை இழுத்துப் போட்டிருக்கிறாள், பாவம். ஏரியில் மீன்போல் கிடந்தவள். முப்பது வருடமாக ஐஸ் தண்ணீரில் கட்டை விரலை நனைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

வாத்து இருபத்தொன்று என்றது.

காற்றின் மேல் தினமும் பழி போட முடியாது. அடுத்த நாள் அவர் போர்வையை எடுக்கவில்லை. தோசையைப் போலத் திருப்பிப் போட்டார். குமிழி இப்போது வானத்தைப் பார்த்தது. மாலையில் வந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். குமிழி தண்ணீருக்குள்.

மறுநாள் காலை மறுபடி திருப்பினார். மாலையில் மறுபடி சரியாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. பெனுவாவின் தலையாட்டலை நம்பாமல் அவள் சுருளோடு வந்த குறிப்பைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். எதையும் தீர விசாரித்துச் செய்கிறவள் அவள், கணவனைத் தவிர.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறை ஜன்னல் வழியாக அவரே பார்த்தார். ஒடில் முழங்கையளவு நனைந்து, மூச்சு வாங்க, போர்வையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்பிவிட்டு இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை வேறு பார்த்தாள். நான் உதவிக்கு வந்து சிரமப்படுவேனோ என்று பார்க்கிறாள் என்று அர்மான் உருகிப்போனார்.

ஜூலை நடுவில் வாத்து இருபத்தைந்தைத் தொட்டது.

இனி நேரடித் தாக்குதல்தான் என்று முடிவு செய்தார். முனைக்கடையில் நான்கு மூட்டை ஐஸ் வாங்கினார்.

"மீன் பிடிக்கவா அர்மான்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா, ஆமா."

"எந்த ஏரி?"

"அது... வடக்கால."

விடிகாலையில் போர்வை ஓரத்தைத் தூக்கி நான்கு மூட்டையையும் கொட்டினார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அருகில் மிதந்த வாத்து ஒரு டிகிரி இறங்கி அவருக்கு மரியாதை செய்தது. மாலைக்குள் ஒரு டிகிரியும் வட்டியும் ஏறி இருபத்தாறில் நின்றது.

ஐஸ் வாங்கிய செய்தி அவருக்கு முன்பே வீடு வந்திருந்தது. கடைக்காரர் ஒடிலிடம் சொல்லிவிட்டார். மீன் பிடிக்கப் போனவர் வெறுங்கையோடு வரலாமா? சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பொட்டலம் ட்ரவுட் வாங்கிப் பையை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒடில் பிரித்துப் பார்த்தாள்.

"அர்மான், இந்த மீனுக்குத் தலை இல்ல."

"பெரிய தலை. வெட்டிட்டேன்."

"முள்ளும் இல்ல. தோலும் இல்ல. வடக்கால ஏரியில துண்டு போட்டே நீந்துதா?"

"சாப்பிடேன். பசிக்குது."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மாதம் அவள் எதையுமே அதிகம் கேட்கவில்லை. ஏதோ யோசனையில் இருந்தாள். திடீரென்று செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் மாதா கோவில் பாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தாள். ஒடிலுக்கும் சுருதிக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். இருந்தாலும் பாட ஆசைப்படுகிறாள், பாடட்டும் என்று அர்மான் விட்டுவிட்டார். தலைமுடி ஈரமாகத் திரும்பி வருவாள். "அந்த அறை ஒரே புழுக்கம், வேர்த்துக் கொட்டுது" என்பாள். அன்றைக்கெல்லாம் வீட்டில் குளோரின் வாசனை அடிப்பதுபோல் அவருக்குத் தோன்றும். தன் கைதான் காட்டிக்கொடுக்கிறது என்று பயந்து, எலுமிச்சம்பழத் தோலை வைத்து நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவார்.

கடைசி ஆயுதமாகக் கத்தரிக்கோலை எடுத்தார். போர்வை குளத்தின் வளைவுகளைவிட அகலம். ஓரங்கள் கரைமேல் ஏறி மடிந்து கிடந்தன. ஓரத்தைச் சரிசெய்கிறேன் என்ற சாக்கில் நாலு வெட்டுத் தாறுமாறாக வெட்டினால் ஒழிந்தது. ஆனால் முப்பது வருடம் ஹார்டுவேர் கடையில் எதையும் கோணலாக வெட்டியறியாத கை. அது எஜமானின் எண்ணத்தைக் கேட்கவில்லை. வளைவைத் தொட்டதும் தானாக வளைவோடு போனது.

அன்று மாலை வந்த பெனுவா அசந்துபோனான்.

"மாமா! நானே வந்து வெட்டணும்னு இருந்தேன். ஓரம் தூக்கிக்கிட்டிருந்ததாலதான் இவ்வளவு நாளா சூடு கசிஞ்சுது. இப்ப பாருங்க, மூடி போட்ட பானை மாதிரி கச்சிதமா உக்காந்திருக்கு. கரீன், உங்கப்பா என்னமா வேலை செஞ்சிருக்கார் வந்து பாரு!"

கரீன் அவரைக் கட்டிக்கொண்டாள். "உங்களுக்கும் எவ்வளவு ஆசை இருந்திருக்குப்பா!"

ஒடில் கதவருகே நின்று அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. மனைவியின் கண்ணில் ஆனந்தக் கண்ணீரைப் பார்ப்பது கணவனுக்குப் பெருமையான விஷயம். அர்மானுக்குச் செத்துப்போகலாம்போல் இருந்தது.

ஆகஸ்டின் முதல் வாரம் அந்த ஊர் காணாத வெயில். வியாழக்கிழமை அவர் வேலையிலிருந்து திரும்பியபோது ஒடில் குளக்கரையில் தனியாக நின்றிருந்தாள். அவர் அருகில் போய் நின்றார். போர்வையின் ஓரத்தில் வாத்து சிரித்துக்கொண்டிருந்தது.

"இருபத்தெட்டு" என்றாள் ஒடில்.

"இருபத்தெட்டு" என்றார் அவரும்.

அவள் அவர் கையைப் பற்றினாள். அவ்வளவு வெயிலிலும் அந்தக் கை சில்லென்று இருந்தது. கல்யாண நாளுக்கு இன்னும் ஒன்பது நாள். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று அர்மானுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. முப்பது வருடம் கூட வாழ்ந்த பெண், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"ஒடில், ஒண்ணு சொல்லணும்."

"நானும்தான் ஒண்ணு சொல்லணும்."

"நீ முதல்ல சொல்லு."

"இல்ல, நீ."

வேலிக்கு அப்பால் யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார் அர்மான். "அன்னிக்கு எல்லாருக்கும் டவல் போதுமான்னு கேக்க நினைச்சேன்."

"நானும் டவலைப் பத்திதான்" என்றாள் ஒடில்.

பக்கத்து வீட்டு லிஸெத்துக்கு எழுபது வயது. நகராட்சி நீச்சல் குளத்தில் அந்த ஊரின் இரண்டு தலைமுறைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள். வாரத்தில் சில மாலைகள் இன்னும் போகிறாள். கரீனுக்கு ஆறு வயதில் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அப்போது அர்மான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "வயித்தைத் தூக்கு! கூரையைப் பாரு! தண்ணி உன்னைத் தாங்கும், பயப்படாதே!" என்று லிஸெத் குழந்தைகளுக்குக் கத்தும்போது, பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவரும் வயிற்றைக் கொஞ்சம் தூக்குவார், கூரையைப் பார்ப்பார். வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு வாக்கியம் அவர் தொண்டையில் வந்து நிற்கும். ஒவ்வொரு வாரமும் அதை இயந்திரக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு மகளின் தலையைத் துவட்டுவார். அந்த வாக்கியத்துக்கு இப்போது இருபது வயது ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை லிஸெத் தன் வீட்டுப் பின்பக்க மரத்தளத்தில் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். அர்மான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

"வா, உக்காரு. சும்மா உக்காராதே, உரி" என்று ஒரு கதிரை அவர் மடியில் போட்டாள்.

அவர் உரித்தார். ஒரு கதிர், இரண்டு கதிர். மூன்றாவதில் நாரெல்லாம் தனித்தனியாக எடுக்க ஆரம்பித்தார்.

"என்ன விஷயம்? இவ்வளவு சுத்தமா சோளம் உரிக்கிறவன் ஏதோ மறைக்கிறான்."

"ஒண்ணுமில்ல. குளம் இருபத்தெட்டு ஆயிடுச்சு."

"ஆகாம? என் மாடி ஜன்னல்லேர்ந்து தினமும் பாக்கறேனே. காலையில நீ வந்து அதைத் திருப்பிப் போடுறே. மத்தியானம் அவ வந்து திருப்பிப் போடுறா. குளத்துல என்ன பான்கேக்கா சுடுறீங்க ரெண்டு பேரும்?"

அர்மானின் காது சிவந்தது. "அவ சரியா போடுறா. நான்தான்..."

"நீதான்?"

"நான்தான் கெடுக்கறேன்."

லிஸெத் உரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அவள் அடுத்த கதிரை எடுத்தாள்.

"லிஸெத், சென் மொரீஸ் ஆறு இருக்கில்ல..."

"இருக்கு. நேத்திக்கூட அங்கதான் இருந்துது."

"அதை நான் நீந்திக் கடந்ததா ஒடில் நினைச்சுக்கிட்டிருக்கா. நான் சொல்லித்தான். அவ ஏரியிலயே பிறந்து வளந்த மாதிரி நீந்துறவ. அவ பக்கத்துல நான் கை கோத்துக் குதிச்சேன்னா நேரா அடிக்குப் போயிடுவேன். அடிக்குப் போறதுகூடப் பரவால்ல. மேல வந்ததும் அவ முகத்தைப் பாக்கணுமே, அதுதான்..." அவர் சோளக் கதிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தப்பான ஆளைக் கட்டிக்கிட்டோமேன்னு ஒரு நிமிஷம் அவ நினைச்சாகூட என்னால தாங்க முடியாது."

"அப்ப என்ன செய்யப் போறே?"

அர்மான் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். இருபது வருடமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த அந்த வாக்கியம், காப்பி இல்லாத அந்த மாலையில், கடைசியாக வெளியே வந்தது.

"எனக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறீங்களா, லிஸெத்?"

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. பக்கத்து வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குடுக்கறேன்" என்றாள் லிஸெத். "எட்டு நாள்ல மீன் ஆக முடியாது. மிதக்கலாம். மிதக்கத் தெரிஞ்சவன் மூழ்க மாட்டான்."

"மிதந்தா போதும்! ஆனா ஒடிலுக்கு மட்டும் தெரியவே கூடாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெச்சுக்கலாமா? அன்னிக்கு அவ பாட்டுக் குழுவுக்குப் போயிடுவா."

லிஸெத் உரித்த கதிரைக் கூடையில் போட்டாள். கைகளை மடியில் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற எந்தக் கிழமை வேணும்னாலும் கேளு, அர்மான். செவ்வாய்க்கிழமை ஒடிலுக்குக் குடுத்திருக்கேன்; அவளும் இதே நாற்காலியில உக்காந்து, அர்மானுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னுதான் சொன்னா."